தாம்பரத்தில் ஒரு யாழ்ப்பாணக் கல்யாணம்

மீனம்பாக்கத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி முதலில் பெயரைப் பார்த்தார், பிறகு பிறந்த ஊரைப் பார்த்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். பெயர் காசிம், ஊர் யாழ்ப்பாணம். சிலோன் தமிழரா என்று கேட்டார். இலங்கை முஸ்லிம் என்றேன். ஆனால் தமிழ்தானே பேசுகிறீர்கள் என்றார். வீட்டிலும் தமிழ், கனவிலும் தமிழ் என்றேன். அப்படியென்றால் தமிழர்தானே என்று சொல்லி முத்திரையை ஓங்கிக் குத்தினார். அவருக்கு அவ்வளவு சுலபமாகப் போயிற்று. எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு அரசாங்கம் ஒரு பதில் வைத்திருந்தது, தனிநாடு கேட்ட இயக்கம் இன்னொரு பதில் வைத்திருந்தது. இரண்டு பதிலாலும் எனக்கு நன்மை நடந்ததில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, ஆனி மாதம். நான் போனது ஒரு கல்யாணத்துக்கு. என் சிநேகிதன் தர்மலிங்கத்தின் ஒரே மகள் சுபாவுக்குத் தாம்பரத்தில் கல்யாணம், மாப்பிள்ளை கனடாவில் இருப்பவர். தர்மலிங்கமும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். அவன் சரித்திரம், நான் கணிதம். சுபாவுக்கு அட்சர கணிதம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். எண்பத்தேழில் சண்டை முற்றியபோது அவன் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்துவிட்டான். நான் ஊரிலேயே இருந்தேன், தொண்ணூறில் எங்களைத் துரத்தும் வரைக்கும். அன்று காலை ஒலிபெருக்கி கட்டிய இயக்க வாகனம் எங்கள் தெருவால் வந்தது. முஸ்லிம்கள் எல்லோரும் மைதானத்துக்கு வரவேண்டும் என்றது. மத்தியானத்துக்குள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டு நடந்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து நான் புத்தளத்தில் தென்னோலைக் கொட்டிலில் அகதி.

அதற்குப் பிறகு தர்மலிங்கத்திடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வந்தது கல்யாணச் செய்திதான், அதுவும் கொழும்புக்கு வந்த ஒருவர் மூலம். போகவேண்டாம் என்று மனைவி சொன்னாள். நான் போனேன். சுபாவுக்காகப் போனேன் என்று அவளிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை. ஆனால் தர்மலிங்கத்திடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருந்தது, அதை நேரில்தான் கேட்க முடியும்.

விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரயில் பிடித்தேன். பல்லாவரத்தில் தோல் பதனிடும் வாடை மூக்கைத் துளைத்தது. குரோம்பேட்டையில் ஒரு கூட்டம் இறங்கி அதைவிடப் பெரிய கூட்டம் ஏறியது. அடுத்த ஸ்டேஷன் பலகையில் தாம்பரம் என்ற எழுத்தைக் கண்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டேன். ரயில் நகர்ந்த பிறகுதான் பலகையை முழுவதும் வாசித்தேன். தாம்பரம் சானடோரியம். வெளியே நின்ற ஆட்டோக்காரர் என் முழியைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். “இன்னா பாய், நெஞ்சு ஆஸ்பத்திரிக்கா, இல்ல தப்பா எறங்கிட்டியா?” என்றார்.

ஊரில் என்னைச் ‘சேர்’ என்பார்கள், அண்ணன் என்ற பொருளில் ‘நானா’ என்பார்கள். பாய் என்று கூப்பிட்டது அவர்தான் முதல் ஆள். அடுத்த ஐந்தாறு நாட்களுக்குத் தேநீர்க் கடையிலும் பஸ்ஸிலும் போலீஸ் நிலையத்திலும் நான் பாய்தான். அந்தச் சொல்லில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. தர்மலிங்கம் இருந்த சேலையூருக்குப் போகும் வழியில் ஆட்டோக்காரர் என் பேச்சைக் கவனித்துவிட்டு, சிலோனா என்று கேட்டார். ஆமென்றேன். போன வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் சிலோன்காரனுக்கு யாரும் வீடு கொடுப்பதில்லை என்றும், முன்பெல்லாம் சிலோன் தமிழன் என்றால் கடையில் டீக்குக் காசு வாங்கமாட்டார்கள் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில், மழை பெய்தது, இப்போது வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

தர்மலிங்கம் வாசலில் நின்றான். மெலிந்திருந்தான், முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்தவன் சற்று நேரம் விடவில்லை. அவன் மனைவி மங்கை, “நானா, முதல்ல சாப்பிடுங்கோ, பிறகு கதைக்கலாம்” என்று உள்ளே போனாள். புட்டும் சம்பலும் இருந்தன. புட்டு நல்ல பதம், சம்பல்தான் சப்பென்றிருந்தது. இங்கத்தைய மிளகாயில் உறைப்பு இல்லை என்றாள். தண்ணீர் உவர்ப்பு, தேநீரும் லேசாகக் கரித்தது. புத்தளத்தில் எங்கள் முகாம் கிணறும் அதே ருசிதான் என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். முகாம் என்று சொன்னால் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். முதல் நாளே ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. அவனும் ஊர்ப் பள்ளிக்கூடம், பழைய மாஸ்டர்மார், மாமரம் என்று எல்லாவற்றையும் விசாரித்தான். புத்தளத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் காலை போலீஸ் நிலையம். இலங்கையிலிருந்து வந்தவர்கள் பதிந்துகொள்ள வேண்டும், தங்க இடம் கொடுத்தவரும் கூட வரவேண்டும் என்று விதி. மேசைக்குப் பின்னால் இருந்த இளம் போலீஸ்காரருக்கு எங்கள் மாணவனாக இருந்திருக்கக்கூடிய வயது. என்னைப் பார்த்து, உட்காருங்க பாய் என்று நாற்காலியைக் காட்டினார். தர்மலிங்கத்துக்குக் காட்டவில்லை. அவனை நிற்கவைத்தே கேட்டார். கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள், வெளிநாட்டிலிருந்து எத்தனை பேர், யாராவது இயக்கத்தில் இருந்தார்களா. மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை, அவர் வேலை அது. ஆனால் தர்மலிங்கம் இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலுக்கும் சேர் சேர் என்றுகொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. யாழ்ப்பாணத்தில் கல்விப் பணிப்பாளர் வகுப்புக்குள் வந்தாலும் பாடத்தை நிறுத்தமாட்டான் இவன். நான் எழுந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டேன். போலீஸ்காரருக்கு ஏனென்று விளங்கவில்லை. தர்மலிங்கத்துக்கு விளங்கியது.

வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றபோது அவனே சொன்னான். “பாத்தியே மச்சான். தமிழன்ரை ஊரிலை தமிழனுக்குக் கதிரை இல்லை. உனக்கு இருக்கு.” கசப்பாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இன்றைக்கு எனக்கு இருக்கிறது, நாளைக்கு என்னவோ என்றேன். அந்த வருஷம் முடிவதற்குள் வடக்கே ஒரு பள்ளிவாசலை இடித்தார்கள். அதற்குப் பிறகு நான் அதே நிலையத்துக்குப் போயிருந்தால் நாற்காலி எனக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியாது.

அன்று மாலை வீட்டுக்காரர் ஏழுமலை வந்தார். அந்த ஊர்ப் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்று, மிச்சத்தில் மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கல்யாணம் முடிந்த பிறகு வீட்டைக் காலிசெய்யும்படி ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். அதை என் முன்னால் நினைவுபடுத்த அவருக்கே கூச்சமாக இருந்தது. தன்னுடைய வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றால் தெருவே வேடிக்கை பார்க்கிறது, தன் மகளுக்கும் வரன் பார்க்கிறோம், என்ன செய்வது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தர்மலிங்கம் தலையாட்டினான். கல்யாணத்துக்கு மறுவாரம் எங்கே போவது என்று அவனுக்கு அப்போது தெரியாது.

அடுத்த நாள் கோவளம். மறுநாள் மாப்பிள்ளை தரப்பில் பொன்னுருக்கு, தாலிக்குப் பொன்னை உருக்கும் சடங்கு, அதற்குப் பிறகு கல்யாணம் வரை வீட்டில் மரக்கறிதான். அதற்குள் ஒரு தடவை ஒடியல் கூழ் காய்ச்சிவிட வேண்டும் என்று மங்கை உறுதியாக இருந்தாள். காயவைத்த பனங்கிழங்கை இடித்த மாவில், மீனும் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சுகிற எங்கள் ஊர்க் கூழ் அது. மாவை நான் கொழும்பிலிருந்து கொண்டுபோயிருந்தேன். மீனுக்கு நாங்கள் இருவரும் தாம்பரத்தில் பஸ் ஏறினோம்.

கோவளக் கரையில் படகுகள் வந்திருந்தன. மணலில் மீனைக் குவித்து ஏலம் கூறிக்கொண்டிருந்தார்கள். அந்த மீன்கார அம்மாக்களின் வேகத்துக்கு என் கணிதம் போதவில்லை. நான் கூட்டிப் பார்ப்பதற்குள் குவியல் கைமாறிவிடும். தர்மலிங்கம் ஒரு பாறை மீனும் கொஞ்சம் நண்டும் இறாலும் வாங்கினான். ஒரு மீன்காரி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, அந்தாண்டையா நீங்க என்று கடலைக் காட்டினாள். ஆமென்றோம். சண்டை நின்னுச்சா என்று கேட்டாள். இல்லை என்றோம். நண்டு இரண்டைக் கூடுதலாகப் போட்டாள்.

திரும்பி வரும்போது கேளம்பாக்கத்துக்கு முன்னால், இருபக்கமும் உப்பளம் இருக்கும் இடத்தில் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து எல்லோரையும் இறங்கச் சொன்னார். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்கு நடத்துனர், “வந்துகினே கீதுபா” என்றார். எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லவில்லை. வெயிலில் நின்றோம். பையில் மீன். ஈ வர ஆரம்பித்தது. தர்மலிங்கம் சால்வையை நனைத்துப் பையைச் சுற்றினான். பிறகு ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தான். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

எங்களைத் துரத்தியபோது நீ ஏன் ஒரு வார்த்தை எழுதவில்லை என்று கேட்டேன்.

அவன் நேராகப் பதில் சொல்லவில்லை. எண்பத்து மூன்றைச் சொன்னான். அதுவரை துண்டு துண்டாகக் கேட்டிருந்த கதையை முதல் தடவையாக முழுவதும் கேட்டேன். அப்போது அவன் கொழும்பில் படிப்பித்துக்கொண்டிருந்தான். தெருமுனையில் கும்பல் வந்தபோது அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பம் அவனையும் மங்கையையும் சுபாவையும் தங்கள் சாமான் அறையில் வைத்துப் பூட்டியது. மங்கையின் தம்பி கடைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வரவேயில்லை. சாமான் அறை யன்னலால் பார்த்தபோது தன் வீடு எரிவதும், தெருமுனையில் பொலிஸ்காரர்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது என்றான். “அந்த அறைக்குள்ளை இருந்துதான் நான் முடிவெடுத்தன். அடுத்த வீட்டான் நல்லவன் எண்டபடியால் நான் உயிரோடை இருக்கிறன். அவன் கெட்டவன் எண்டால் இல்லை. ஒருத்தன்ரை நல்ல குணத்திலை ஒரு சனம் தொங்கிக்கொண்டு இருக்க ஏலாது. எங்கடை பொலிஸ், எங்கடை எல்லை, எங்கடை நாடு வேணும்.”

எண்பத்து மூன்றில் அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோதும் அவன் இதையே சொன்னான். அப்போது நானும் தலையாட்டினேன். அது நியாயம் என்றே நினைத்தேன். எங்கள் தெருவிலிருந்து சில இளைஞர்கள் இயக்கத்தோடு போய்ச் சேரவும் செய்தார்கள். உப்பளத்துப் பக்கத்தில் நின்றபோது அந்த நியாயத்தை நான் திரும்பவும் முதல் வரியிலிருந்து போட்டுப் பார்த்தேன்.

என் பக்கத்தை அவனுக்கு வாத்தியார் பாணியில்தான் சொன்னேன். உன்னுடைய முதல் வரி, எங்களைக் கொல்லுகிறார்கள் என்பது. அது உண்மை, அதற்கு முழுப் புள்ளி. கடைசி வரி, ஆகவே இந்த மண் தமிழருடைய நாடு என்பது. நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. கொல்லுகிறார்கள் என்றால் உனக்குக் காவல் வேண்டும். உன்னை நீயே ஆளவும் வேண்டும், அதையும் தருகிறேன். ஆனால் உனக்கு நடந்த கொடுமை, அந்த மண்ணில் இருக்கிற மற்றவனுடைய வீட்டுக்கு எப்படி உறுதிப் பத்திரம் எழுதித் தரும்?

நடு வரி இருக்கிறது என்றான் தர்மலிங்கம். எங்களுக்குப் போக வேறு இடமில்லை, அதுதான் நடு வரி என்றான். யூதர்களைச் சொன்னான். அத்தனை பேரைக் கொன்ற பிறகுதான் உலகம் அவர்களுக்கு ஒரு நாட்டைக் கொடுத்தது, நாடில்லாமல் இருந்ததால்தான் அத்தனை பேர் செத்தார்கள் என்றான்.

அங்கே ஏற்கெனவே இருந்த அரபுக்காரனுக்கும் போக வேறு இடமில்லையே என்றேன். எனக்கும் இல்லையே என்றேன்.

அவன் கடைசியில் எங்களைத் துரத்திய விஷயத்துக்கு வந்தான். பெடியள், இயக்கத்துப் பையன்கள், செய்தது பிழைதான். அது சண்டைக் காலத்துப் பிழை. நாடு ஒன்று வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றான்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். சத்தம் போடவில்லை. “தர்மா, உன்னை அறைக்குள்ளை வைச்சுக் காப்பாத்தினவன்ரை தயவிலை வாழ ஏலாது எண்டாய். சரி. என்னை உன்ரை தயவிலை வாழச் சொல்லுறியே. உன்ரை பெடியள் நல்லவங்களா இருந்தால் நான் வீட்டிலை இருக்கலாம், இல்லையெண்டால் மைதானத்துக்கு வரோணும். இதுக்கும் கொழும்புக்கும் என்ன வித்தியாசம்? கொடி மட்டும்தான்.”

உப்பளத்தில் ஒருவர் பாத்தியை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். தர்மலிங்கம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அடுத்த பஸ் வந்தது, நிற்கக்கூட இடமில்லாமல். மீன் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் தாம்பரம் வரை வந்தோம். பையிலிருந்து நண்டுத் தண்ணீர் ஒரு பெரியவரின் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அவர் எங்களைத் திட்டிய திட்டில், அரைமணி நேரம் எங்கள் இருவருக்கும் நாட்டுப் பிரச்சினை மறந்துபோயிற்று.

மீன் கெடவில்லை. கூழ் அருமையாக வந்தது. வாடகை வீட்டுப் பின்முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து குடித்தோம். எதற்கோ எட்டிப் பார்த்த ஏழுமலையை மங்கை விடவில்லை, ஒரு கிண்ணம் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறைப்பா, ருசியா என்று கேட்டோம். இரண்டும் என்று இன்னொரு கிண்ணம் வாங்கினார். உங்க ஊரு சண்டைதான் இன்னா சார் என்று கேட்டார். தர்மலிங்கம் சுருக்கமாகச் சொன்னான், தமிழருக்கு ஒரு நாடு வேண்டும் என்கிறோம் என்று. ஏழுமலை யோசித்தார். இந்தச் சேலையூரிலேயே ஊர் வேறு, காலனி வேறு, கிணறு வேறாக இருந்தது, அதற்கெல்லாம் ஆளுக்கொரு நாடு கொடுப்பதென்றால் இந்த ரோட்டிலே நாலு பார்டர் போடவேண்டும் என்றார். அப்போ காலனிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். நம்ம ஊர்க் கிணத்துலயே வந்து தண்ணி எடுத்தாங்க பாய், அப்போ எங்க ஆளுங்களுக்கு எரிச்சல்தான், இப்போ அவுங்க புள்ளைங்கதான் எங்க புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குது என்றார். சொல்லிவிட்டு, தன்னை அறியாமல் ஏதோ ஒப்புக்கொண்டுவிட்டவர்போலக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

பொன்னுருக்கு அன்று பின்னேரம் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். கனகசபை என்று பெயர். அவரும் கனடாவில் பல வருஷமாக இருப்பவர், சொந்தத்தில் கடை வைத்திருந்தார், கையில் பொருளும் பேச்சில் தெளிவும் உள்ளவர். வந்தவர்களுக்கெல்லாம் அவரே கதிரை எடுத்துப் போட்டார். அவர் மீது எனக்கு முதலில் நல்ல அபிப்பிராயம்தான். அவரிடம் தர்மலிங்கத்துக்கு ஒரு யோசனை இருந்தது. அங்கே தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நம் சரித்திரம் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் இல்லை, அதை எழுத உங்களைப்போல ஆள் இல்லை, உங்களையும் மங்கையையும் நானே கனடாவுக்குக் கூப்பிட்டு எடுக்கிறேன் என்றார். மங்கையின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த வாரம் வீடு இல்லை. ஒரே மகள் போகும் ஊரிலேயே தங்களுக்கும் இடம். வேறென்ன வேண்டும்?

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். கனகசபை என்னிடம் திரும்பி, மாஸ்டர் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். புத்தளம் என்றேன். யாழ்ப்பாணத்தை விட்டு ஏன் அங்கே போனீர்கள், வியாபாரமா என்றார். தெரியாமல் கேட்டாரா, தெரிந்துகொண்டு கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கல்யாண வீடு. நான் தேநீரை எடுத்துக் குடித்தேன்.

தர்மலிங்கம் சொன்னான். “நாங்கள் கலைச்சனாங்கள்.”

துரத்தியது நாங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான். கனகசபை சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். நாங்கள் என்று ஏன் சொல்கிறீர்கள், அது பெடியள் எடுத்த முடிவு, அதுவும் பாதுகாப்புக் காரணத்துக்காக என்றார்.

“எண்பத்து மூண்டிலை என்ரை வீட்டைக் கொளுத்தினவங்களை நான் வகுப்பிலை என்னெண்டு சொன்னனான்? இன்னார், இன்னார் எண்டு பேர் சொன்னனானோ? சிங்களவன் கொளுத்தினான் எண்டுதான் படிப்பிச்சனான். அப்ப இதுக்கும் நாங்கள் எண்டுதான் சொல்லோணும்.”

நிதானமாகத்தான் சொன்னான். இது இன்றைக்குப் பேசுகிற பேச்சா என்று யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். தர்மலிங்கம் எழுந்திருக்கவில்லை. நீங்கள் கேட்ட புத்தகத்தை எழுதுகிறேன், காசிம் நடந்துபோன நாளும் அதில் இருக்கும், இருக்கலாம் என்றால் எழுதுகிறேன் என்றான். கனகசபை அதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். மங்கை தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவன் சொன்ன கணக்கு எனக்கு முழுக்கச் சரியில்லை. கொளுத்தியவர்கள் எல்லாச் சிங்களவரும் அல்ல, துரத்தியவர்கள் எல்லாத் தமிழரும் அல்ல. சாமான் அறையைத் திறந்து விட்டவரும் சிங்களவர்தான். ஒரு கூட்டம் முழுவதையும் குற்றவாளி என்று கூட்டிவிட்டால், உண்மையில் செய்தவன் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்வான். இதைப் பிறகு அவனிடமே சொன்னேன், ஒத்துக்கொண்டான். இருந்தாலும் அந்தக் கூடத்தில் அந்த ஒரு ‘நாங்கள்’ எனக்கு வேண்டியிருந்தது. ஒன்றரை வருஷமாக எல்லோரும் என்னிடம் ‘அவங்கள்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘அவங்கள்’ என்று சொல்கிறவனிடம் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை, அவன் தர ஒன்றுமில்லை. அன்று இரவு வயிறு நிறையச் சாப்பிட்டேன். மரக்கறிதான்.

நான் சமையலறைக்குள் போனபோது மங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி திரும்பி வராத ஊர், அவளுடைய மகள் போகிற ஊர், அவளுக்கு இப்போது கைநழுவிப்போன அதே ஊர், எல்லாம் அவள் மனதில் ஓடியிருக்கும். கோபமா என்று கேட்டேன். “கோபம்தான் நானா. ஆனா அவர் பொய் எழுதிக்கொண்டு இருக்கிற வீட்டிலை எனக்குச் சமைக்க ஏலாது” என்றாள். ஈரக் கையால் எனக்கு ஒரு தட்டில் பலகாரம் எடுத்து வைத்தாள்.

கல்யாணம் வேளச்சேரி ரோட்டில் ஒரு மண்டபத்தில். மேளம் இவ்விடத்து மேளம், ஐயர் யாழ்ப்பாணத்து ஐயர், சமையல் இந்த ஊர்ச் சமையல். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்ததை எங்கள் ஆட்கள் யாரும் மன்னிக்கவில்லை. அப்பளத்தை நான் மூன்று தடவை வாங்கினேன். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் சாதாரண உடுப்பில் நின்றார்கள், எல்லோருக்கும் அவர்கள் யாரென்று தெரிந்திருந்தது. தர்மலிங்கம் போய் அவர்களைப் பந்திக்குக் கூப்பிட்டான். ஒருவர் வந்தார், ஒருவர் வரவில்லை. வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் இரண்டு முறை வாங்கினார்.

கனகசபை எனக்கு வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். புத்தகத்தைப் பற்றி அவர் பேசவில்லை. மாப்பிள்ளைப் பையன் மட்டும் தனியாக வந்து, மாமா எழுதட்டும், அச்சடிக்கிறதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அந்த வயதுக்குரிய நம்பிக்கை இருந்தது. நடக்கும் என்றும் எனக்குத் தோன்றியது.

வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்தது ஏழுமலைதான். பந்தி முடிந்து தர்மலிங்கத்தை ஓரமாகக் கூப்பிட்டார். மேடவாக்கத்தில் அவருடைய மச்சினனுக்கு ஒரு வீடு சும்மா இருக்கிறது. பக்கத்தில் ஏரி, தண்ணீர் நல்ல தண்ணீர், பஸ் மட்டும் குறைவு. “என் வூட்ல வெச்சிக்க முடியல சார், அதுக்காக உங்கள ரோட்ல வுடுவனா” என்றார். நல்ல மனுஷர். அந்த நல்ல மனசை நம்பித்தான் தர்மலிங்கம் அன்றைக்கு நிற்கவேண்டியிருந்தது என்பதையும் நான் கவனித்தேன். வாடகை ஒப்பந்தம் எழுதித் தரச் சொல்லுங்கள் என்று இடையில் புகுந்தேன். ஏழுமலை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், பிறகு சரி பாய் என்றார்.

நான் புறப்பட்ட அன்று தர்மலிங்கமும் சுபாவும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். சுபாவின் கழுத்தில் புதுத் தாலிக்கொடி, கையில் மருதாணி. விசா கிடைக்கும் வரை அவள் மேடவாக்கத்தில்தான் இருக்கப்போகிறாள். தர்மலிங்கம் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். நாடு வேண்டும் என்பதை அவன் விடவில்லை. ஆனால் அது யாருக்கு என்று இதுவரை படிப்பித்த பாடத்தை முதலிலிருந்து திரும்ப எழுதப்போவதாகச் சொன்னான். அப்படி எழுதினால் கடைசியில் உனக்குக் கிடைப்பது நீ கேட்ட நாடாக இருக்காது என்றேன். இருக்கட்டுமே என்றான். அவன் தோற்றுப்போனவன்போல் இல்லை. எனக்கும் வென்றுவிட்டதாகத் தோன்றவில்லை. ஒரு கணக்கை இரண்டு பேர் உட்கார்ந்து சேர்ந்து போட ஆரம்பித்ததுபோல இருந்தது.

பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது சுபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நல்ல மனதோடுதான் சொன்னாள். “மாமா, நாடு கிடைச்சால் முதல் உங்களைத்தான் நாங்கள் கூப்பிடுவம்.”

“கூப்பிட வேண்டாம் பிள்ளை” என்றேன். “கூப்பிட்டால் வாறவன் விருந்தாளி. நான் என்ரை வீட்டுக்கு வாறன்.”

அவள் தகப்பனைப் பார்த்தாள். தர்மலிங்கம், “அவன் சொல்லுறது சரி” என்றான். “எங்கடை வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தானே அவன்ரை வீடு.”

இரண்டு வீட்டிலும் அப்போது யார் இருந்தார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. கடற்கரை ரயில் வந்தது. ஏறி யன்னல் ஓரமாக இடம் பிடித்தேன். இந்தத் தடவை சரியான ஸ்டேஷனில் இறங்கச் சொல்லித் தர்மலிங்கம் பிளாட்பாரத்திலிருந்து கத்தினான்.